நெற்றியில் தலைகீழ் 'ஒய்', வால் பக்கம் நாலு புள்ளி: சங்கரன்கோவில் மக்காச்சோளத்தைத் தின்னும் அந்துப்பூச்சி யார்?

புரட்டாசி, ஐப்பசியில் நல்லா ஒரு மழை விழுந்தால் போதும். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கக் கரிசல் காடுகளில் மக்காச்சோள விதைப்பு தொடங்கிவிடும். விதைத்து இரண்டு, மூன்று வாரத்தில் பயிர் பச்சைப் பசேல் என நிற்கும். அந்த நேரத்தில்தான் இலைகளில் வரிசையாக ஓட்டை தெரியும். குருத்துக்குள் மரத்தூளைக் கொட்டியது போல ஈரமான கழிவு கிடக்கும். விரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு புழு.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளின் வாட்ஸ்அப்புக்கு ஊரிலிருந்து மங்கலாக ஒரு போட்டோ வரும். "இது என்ன புழுன்னு கொஞ்சம் பாரு." நாம் அதை கூகுளில் போட்டுத் தேடினால் பத்துப் புழுக்கள் வந்து நிற்கும். எல்லாமே ஒன்று போலத்தான் இருக்கும்.

குழப்பம் அங்கேதான். இந்தப் புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகிறது. அந்த அந்துப்பூச்சியின் பெயர், குடும்பம், சொந்தக்காரர்கள் யார் என்பதெல்லாம் கல்லூரி ஆய்வகத்துக்கு மட்டும் தேவையான விஷயம் போலத் தோன்றலாம். உண்மையில் எந்த மருந்து, எப்போது, எவ்வளவு செலவு, செலவே தேவையா என்கிற கேள்விகளுக்கான பதில் அந்த வகைப்பாட்டுக்குள்தான் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

பயோடேட்டா: ஒரே பார்வையில்

• தமிழில்: மக்காச்சோளப் படைப்புழு, அமெரிக்கன் படைப்புழு. இலங்கையில் 'சேனா' படைப்புழு
• அறிவியல் பெயர்: ஸ்போடோப்டெரா ஃப்ருஜிபெர்டா
• குடும்பம்: நாக்டுயிடே
• பூர்வீகம்: அமெரிக்கக் கண்டங்களின் வெப்ப மண்டலப் பகுதி
• இந்தியாவுக்கு வந்தது: 2018
• இறக்கையை விரித்தால்: 3.2 முதல் 4 சென்டிமீட்டர்
• வாழ்நாள்: முட்டையில் தொடங்கி அந்துப்பூச்சி ஆகும் வரை வெயில் காலத்தில் சுமார் 30 நாள்
• சாப்பாடு: 350-க்கும் மேற்பட்ட தாவரங்கள். முதல் சாய்ஸ் மக்காச்சோளம்

பெயரில் என்ன இருக்கு?

ஆங்கிலத்தில் இதை 'ஃபால் ஆர்மிவார்ம்' என்கிறார்கள். 'ஃபால்' என்றதும் விழுவது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஆங்கிலத்தில் அது இலையுதிர் காலம். அமெரிக்காவின் வட மாநிலங்களில் கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும்தான் இது கூட்டமாக வந்து சேரும். ஒரு வயலைத் தின்று முடித்துவிட்டுப் பட்டாளம் போல அடுத்த வயலுக்கு நகர்வதால் 'ஆர்மி'. தமிழில் அந்த இலையுதிர் காலத்தை விட்டுவிட்டுப் படையை மட்டும் வைத்துக்கொண்டோம். நம்மூருக்கு அதுதான் சரி. இங்கே எந்தக் காலத்திலும் இது வரும்.

அறிவியல் பெயரைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். 'ஸ்போடோப்டெரா' என்பது கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. சாம்பல் நிற இறக்கை என்று பொருள். 'ஃப்ருஜிபெர்டா' லத்தீன். விளைச்சலை இழக்கச் செய்வது என்று சொல்லலாம். ஆக, இதன் பெயரிலேயே குற்றப்பத்திரிகை எழுதியிருக்கிறது.

இந்தப் பெயரை வைத்தவர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித். லண்டன் லின்னேயன் சங்கத்தை 1788-ல் நிறுவிய தாவரவியலாளர். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் தங்கி பூச்சிகளை வரைந்துவந்த ஜான் ஆபட் என்கிற ஓவியரின் படங்களை வைத்து, 1797-ல் ஸ்மித் ஒரு நூல் வெளியிட்டார். அதில்தான் இந்த அந்துப்பூச்சி முதன்முதலில் அறிவியல் பெயரோடு பதிவானது.

அப்போது அவர் வைத்த முழுப் பெயர் 'ஃபலீனா ஃப்ருஜிபெர்டா'. லின்னேயஸ் காலத்தில் பெரும்பாலான அந்துப்பூச்சிகளை 'ஃபலீனா' என்ற ஒரே பேரினத்துக்குள் போட்டுவிடுவார்கள். பிறகு பேரினங்கள் பிரிந்தன. இதுவும் 'லாஃபிக்மா' என்ற வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 'ஸ்போடோப்டெரா'வுக்குக் குடிவந்தது. ஆய்வுக் கட்டுரைகளில் இதன் பெயருக்குப் பின்னால் ஸ்மித்தின் பெயரும் 1797-ம் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பார்க்கலாம். அந்த அடைப்புக்குறிக்கு ஒரு அர்த்தம் உண்டு: 'முதலில் பெயர் வைத்தவர் இவர்தான், ஆனால் பேரினம் பிறகு மாறிவிட்டது.' இனப் பெயரான ஃப்ருஜிபெர்டா மட்டும் 200 வருஷத்துக்கு மேலாக மாறவே இல்லை.

குடும்ப அட்டை: யாருக்கு யார் சொந்தம்?

வகைப்பாட்டை ரேஷன் கார்டு போல நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே வருவோம்.

வகுப்பு: பூச்சிகள். வரிசை: லெபிடோப்டெரா, அதாவது செதில் இறகிகள். வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் இந்த ஒரே வரிசையில்தான் வருகின்றன. அந்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டுகிறதே, அந்தப் பொடிதான் செதில்.

குடும்பம்: நாக்டுயிடே. லத்தீனில் 'நாக்டுவா' என்றால் ஆந்தை. இரவில் நடமாடுவதால் அந்தப் பெயர். நம் விவசாயிகளின் பழைய எதிரிகள் பலர் இந்தக் குடும்பம்தான். பருத்தியையும் தக்காளியையும் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவும் இங்கேதான் வருகிறது.

பேரினம்: ஸ்போடோப்டெரா. உலகம் முழுக்க சுமார் 30 இனங்கள் இருக்கின்றன. நிலக்கடலை, பருத்தி, புகையிலையைத் தின்னும் வெட்டுப்புழு இதில் ஒன்று. நம்மூரில் 'புரொடீனியா' என்று சொல்வார்களே, அதுதான். ஸ்போடோப்டெரா லிட்டுரா என்பது அதன் முழுப் பெயர். நாற்றங்காலில் கூட்டமாக இறங்கும் நெல் படைப்புழுவும் இதே பேரினம். அமெரிக்கன் படைப்புழுவுக்கு இவர்கள் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் முறை. இந்த உறவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இது பணமாக மாறப்போகிறது.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் புழு. மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, தலை. முகத்தில் வெளிர் நிறத்தில் ஆங்கில 'ஒய்' எழுத்தைத் தலைகீழாகப் போட்டது போல ஒரு கோடு இருக்கும். இரண்டு, வால் பக்கம். கடைசிக்கு முந்தைய உடல் கண்டத்தில் நான்கு கரும்புள்ளிகள் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகள் போல நிற்கும். மூன்று, மற்ற கண்டங்களின் முதுகுப் பக்கம். அங்கேயும் நான்கு புள்ளிகள் உண்டு. ஆனால் மேலே அகலம் குறைந்து கீழே அகன்ற சரிவக வடிவில் இருக்கும்.

வெறும் 'ஒய்' கோட்டை மட்டும் பார்த்து முடிவு செய்வது ரிஸ்க். வேறு சில நாக்டுயிடே புழுக்களின் முகத்திலும் அது போன்ற கோடு மங்கலாகத் தெரியும். வால் பக்கச் சதுரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உறுதி. நிறத்தை நம்பவே கூடாது. ஒரே வயலில் பச்சை, பழுப்பு, கிட்டத்தட்ட கறுப்பு என மூன்று நிறத்திலும் இதே புழு கிடக்கும்.

அடுத்து அந்துப்பூச்சி. ஆணையும் பெண்ணையும் பார்த்தால் வேறு வேறு இனம் என்றே நினைப்பீர்கள். ஆணின் முன்இறக்கையில் பழுப்பும் சாம்பலும் கலந்திருக்கும். இறக்கையின் நுனிக்கு அருகே முக்கோணமாக ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். பெண்ணுக்கு அது கிடையாது. மங்கலான சாம்பல் பழுப்பு, அவ்வளவுதான். பின்இறக்கை இருவருக்கும் ஒன்றுதான்: வெள்ளி போன்ற வெண்மை, ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு.

சரி, யாரோடெல்லாம் குழப்பிக்கொள்வோம்?

• வெட்டுப்புழு (புரொடீனியா): உடலின் இரு பக்கமும் கறுப்புத் திட்டுகள் இருக்கும். வால் பக்கச் சதுரம் இருக்காது.
• பச்சைக் காய்ப்புழு: மக்காச்சோளத்தில் பெரும்பாலும் கதிரைத் தேடிப் போகும்.
• தண்டுத் துளைப்பான்: இலையில் குண்டூசியால் குத்தியது போலச் சிறு ஓட்டைகள் வரிசையாக இருக்கும். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். இது நாக்டுயிடே குடும்பமே கிடையாது.

படைப்புழு போடும் ஓட்டை பெரியது, ஒழுங்கற்றது. கூடவே குருத்தில் மரத்தூள் கழிவு. அது இருந்தால் சந்தேகம் வலுவாகிவிடும்.

எட்டு நாள் கணக்கு

ஒரு பெண் அந்துப்பூச்சி தன் வாழ்நாளில் 1,500 முட்டைகள் வரை, சில சமயம் அதற்கு மேலும் இடும். ஒரே இடத்தில் இல்லை. 100, 200 முட்டைகள் கொண்ட குவியலாக இலைகளில் வைத்து, மேலே தன் உடல் செதில்களால் பஞ்சு போல மூடிவிடும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும்.

புழு ஆறு பருவங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் எவ்வளவு தின்கிறது என்பதை அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். ஒரு புழு தன் வாழ்க்கையில் தின்னும் மொத்த இலையை 100 என்று வைத்துக்கொண்டால், முதல் பருவத்தில் 0.1, இரண்டாவதில் 0.6, மூன்றாவதில் 1.1, நான்காவதில் 4.7, ஐந்தாவதில் 16.3, ஆறாவது பருவத்தில் 77.2.

மறுபடி ஒருமுறை பாருங்கள். முதல் நான்கு பருவமும் சேர்ந்து 6.5 சதவீதம்தான். மிச்சம் 93.5 சதவீதமும் கடைசி இரண்டு பருவத்தில். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முதல் நான்கு பருவத்துக்கு ஏறத்தாழ எட்டு நாள் ஆகும். கடைசி இரண்டுக்கு ஆறு நாள்கூடத் தேவையில்லை.

இதன் அர்த்தம் என்ன? வரப்பில் நின்று பார்க்கும்போதே சேதம் தெரிகிறது என்றால், புழு ஏற்கெனவே பெரிசாகிவிட்டது. அப்போது அது குருத்தின் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே அதன் கழிவே மூடி போட்டது போல அடைத்திருக்கும். மருந்து உள்ளே போகாது. போனாலும் பெரிய புழுவைச் சாய்ப்பது கஷ்டம். ஆகக் கையில் இருப்பது அந்த முதல் எட்டு நாள் மட்டும். அந்த நாட்களில் புழு இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டும். இலையில் கண்ணாடி ஜன்னல் வைத்தது போல வெள்ளைத் திட்டுகள் தெரியும். அந்தத் திட்டைக் கண்டுபிடிக்க வயலுக்குள் இறங்கி நடக்க வேண்டும்.

இன்னொரு விஷயம்: இவை ஒன்றையொன்று தின்றுவிடும். முட்டைக் குவியலில் நூறு பொரிந்தாலும் கடைசியில் ஒரு குருத்துக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சும். ஒரு செடியில் ஒரு புழுதானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. அந்த ஒன்றே போதும்.

புழுப் பருவம் முடிந்ததும் மண்ணுக்குள் 2 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகிவிடும். எட்டு, ஒன்பது நாளில் அந்துப்பூச்சியாக வெளியே வரும்.

அமெரிக்காவிலிருந்து கரிசல் வரை

இது அசல் வெப்ப மண்டலப் பூச்சி. குளிர் காலத்தைத் தூங்கிக் கழிக்கும் வித்தை இதற்குத் தெரியாது. உறைபனி விழுந்தால் செத்துவிடும். அதனால்தான் வட அமெரிக்காவில் ஃப்ளோரிடா, டெக்சாஸின் தென்பகுதிகளில் மட்டும் குளிர் காலத்தைக் கழித்துவிட்டு, ஒவ்வொரு வருஷமும் புதிதாக வடக்கே பறக்கிறது. காற்று வாக்கில் ஓர் இரவில் 100 கிலோமீட்டர் வரை போகும். கனடா வரை போய்ச் சேர்ந்து, பனி விழுந்ததும் அங்கே மடிகிறது.

200 வருஷத்துக்கு மேலாக இந்தக் கதை அமெரிக்கக் கண்டங்களோடு முடிந்திருந்தது. 2016-ன் தொடக்கத்தில் நைஜீரியா, பெனின், டோகோ உள்ளிட்ட மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் தலைகாட்டியது. சரக்கோடு வந்திருக்கலாம், விமானத்தில் ஒட்டிக்கொண்டும் வந்திருக்கலாம் என்பது நிபுணர்களின் கணிப்பு. இரண்டே வருஷத்தில் சஹாராவுக்குத் தெற்கே கிட்டத்தட்ட எல்லா நாடுகளுக்கும் பரவியது.

2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில், அங்குள்ள வேளாண் மற்றும் தோட்டக்கலை அறிவியல் பல்கலைக்கழகத்தினர் மக்காச்சோள வயலில் வித்தியாசமான புழுவைக் கவனித்தார்கள். உடலமைப்பையும் மரபணுவையும் சோதித்து இதுதான் என்று உறுதி செய்தார்கள். பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் ஜூலையில் நாடு முழுவதுக்கும் எச்சரிக்கை விட்டது. அந்த வருஷ வடகிழக்குப் பருவமழை சீசனுக்குள் தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களிலும் புழு. பெரம்பலூர், அரியலூர் தொடங்கி விருதுநகர், தூத்துக்குடி, அப்போது சங்கரன்கோவிலையும் உள்ளடக்கியிருந்த திருநெல்வேலி மாவட்டம் வரை. 2018 கடைசியில் இலங்கை, 2019 ஜனவரியில் சீனா, 2020-ல் ஆஸ்திரேலியா. 2019 டிசம்பரில் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு இதற்கென்றே ஒரு உலகளாவிய செயல்திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

கரிசலில் உறைபனி ஏது? மானாவாரி மக்காச்சோளம் முடிந்தால் கிணற்றுப் பாசனத்தில் இன்னொரு மக்காச்சோளம். அதுவும் இல்லையென்றால் சோளம், கம்பு. அமெரிக்காவில் இதற்கு வருஷம் ஒருமுறை முற்றுப்புள்ளி வைக்கும் குளிர் இங்கே இல்லை. ஒரு மாதத்துக்கு ஒரு தலைமுறை என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

சோள ரகமா, நெல் ரகமா?

வகைப்பாட்டில் விஞ்ஞானிகளே தலையைச் சொறியும் இடம் இது. ஃப்ருஜிபெர்டா என்ற ஒரே இனத்துக்குள் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று மக்காச்சோளம், சோளம், பருத்தியை விரும்பும் 'சோள ரகம்'. இன்னொன்று நெல்லையும் புல்லையும் விரும்பும் 'நெல் ரகம்'. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மரபணுச் சோதனையில்தான் பிரிக்க முடியும். இவை இணை சேரும் நேரம்கூட மாறும். சோள ரகம் முன்னிரவில், நெல் ரகம் பின்னிரவில்.

இந்தியாவில் பிடிபட்டவற்றைச் சோதித்தபோது குழப்பம் வந்தது. தாய் வழியாக மட்டும் வரும் ஒரு மரபணுவைப் பார்த்தால் பல மாதிரிகள் நெல் ரகம் என்றன. இன்னொரு மரபணுவைப் பார்த்தால் சோள ரகம் என்றது. ஆப்பிரிக்காவிலும் இதே கலவைதான். அதாவது இரண்டு ரகமும் எப்போதோ கலந்து பிறந்த வாரிசுகளே இங்கே வந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்க, இந்தியப் பூச்சிகள் நெருங்கிய உறவினர்கள் என்பதற்கும் இது ஒரு தடயம்.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடும் தென் மாவட்டங்களுக்கு 'நெல் ரகம்' என்ற வார்த்தையே பகீர் என்றிருக்கும். நடைமுறையில் இங்கே இதன் தாக்குதல் மக்காச்சோளத்தில்தான் குவிந்திருக்கிறது. சோளம், கரும்பிலும் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் இந்த மரபணுக் கண்காணிப்பை நிறுத்த முடியாது.

சொந்தக்காரன் யார் என்று தெரிந்தால் என்ன லாபம்?

இப்போது அந்த உறவு முறைக்கு வருவோம்.

முதலில் இனக்கவர்ச்சிப் பொறி. பெண் அந்துப்பூச்சியின் வாசனையை ஒரு ரப்பர் குப்பியில் ஏற்றி, ஆண்களை ஏமாற்றிப் பிடிக்கும் பொறி இது. இந்த வாசனை இனத்துக்கு இனம் மாறும். வெட்டுப்புழுவுக்கான குப்பியை மாட்டிவிட்டு, பொறியில் படைப்புழு விழவில்லையே, அப்போ வயலில் பூச்சி இல்லை என்று நிம்மதியாக இருந்தால் அவ்வளவுதான். கடையில் வாங்கும்போது எந்தப் பூச்சிக்கான குப்பி என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, இதற்கு நேர் எதிர். 'டெலினோமஸ் ரீமஸ்' என்று ஒரு குளவி உண்டு. எறும்பைவிடச் சின்னது. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுவிடும். புழு வரவேண்டிய இடத்தில் குளவி வரும். 1960-களில் வெட்டுப்புழுவைக் கட்டுப்படுத்துவதற்காக இதைப் பப்புவா நியூ கினியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வெட்டுப்புழுவும் படைப்புழுவும் ஒரே பேரினம் என்பதால், அண்ணன் முட்டையைத் தேடி வந்த குளவிக்குத் தம்பி முட்டையும் சரிப்பட்டது. புதுசாக வந்த விருந்தாளிக்குப் பழைய எதிரி ஏற்கெனவே இங்கே தயாராக இருந்தது. 1797-ல் லண்டனில் எழுதிவைத்த ஒரு பெயரின் பலன் நம்மூர் வயலுக்கு வருவது இப்படித்தான்.

'மெட்டாரைசியம் ரைலி' என்ற பூஞ்சையும் உதவிக்கு இருக்கிறது. மழை ஈரத்தில் புழு வெள்ளையாக விறைத்து, இலையில் ஒட்டிக்கிடப்பதைப் பார்த்தால் அது இந்தப் பூஞ்சையின் வேலை. அந்த வயலில் அவசரப்பட்டு மருந்து அடித்தால் குளவி போன்ற நண்பர்களும் சேர்ந்தே சாவார்கள்.

மூன்றாவது, உழவு. கூட்டுப்புழு மண்ணில் எந்த ஆழத்தில் இருக்கும் என்று தெரிந்ததால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆழ உழவைப் பரிந்துரைக்கிறது. வெயிலும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்பு ஓரத்தில் உளுந்து, தட்டைப்பயறு, எள் அல்லது சூரியகாந்தி, இனக்கவர்ச்சிப் பொறி. இதெல்லாம் ஒரு தொகுப்பு. ரசாயன மருந்து இந்த வரிசையில் கடைசி. அதையும் இலை மேல் பூசுவது போலத் தெளிக்காமல் குருத்துக்குள் விழும்படி அடிக்க வேண்டும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு பழகிக்கொள்ளும்.

மருந்து அடிப்பவரின் உடம்பும் இந்தக் கணக்கில் இருக்கிறது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்த பிறகு உள்ளே நுழைந்து அடிப்பது என்றால், மருந்து முகத்தில்தான் விழும்.

கண்ணால் பார்ப்பதும் கணக்கும்

2018-19 சீசன் சேதத்துக்காகத் தமிழக அரசு அறிவித்த நிவாரணம் சுமார் 186 கோடி ரூபாய். 2019-ல் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் கிடைக்காமல் விலை ஏறியது. வறட்சியும் அதற்கு ஒரு காரணம். மத்திய அரசு சலுகை வரியில் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். அதனால் குருவிகுளத்துப் புழுவுக்கும் நாமக்கல் முட்டைக்கும், நீங்கள் காலையில் சாப்பிட்ட ஆம்லெட்டுக்கும் சம்பந்தம் உண்டு. இப்போது எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளம் கேட்கின்றன.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பூச்சித் தாக்குதலும் சேர்ந்திருக்கிறது. ஆனால் இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்து வராது. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதின் சராசரி விளைச்சல் குறைந்தால்தான் வரும். உங்கள் ரெண்டு ஏக்கரை மட்டும் புழு தின்றிருந்தால் அந்தச் சராசரியில் அது காணாமல் போய்விடும்.

அதே நேரம், கிழிந்த இலையைப் பார்த்துப் பயப்படும் அளவுக்கு விளைச்சல் எப்போதும் போவதில்லை. கிழக்கு ஜிம்பாப்வேயில் நடத்தி 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், வயல்களில் பாதிப்பு பரவலாக இருந்தும் விளைச்சல் இழப்பு சுமார் 12 சதவீதம் என்றே கணக்கிட்டார்கள். மக்காச்சோளம் இலை இழப்பைத் தாங்கி மீண்டு வரும் பயிர். ஆனால் கதிரையோ வளரும் குருத்து நுனியையோ தின்றுவிட்டால் மீளாது. கரிசலில் மழையும் ஏமாற்றினால் பயிருக்கு மீளும் தெம்பும் இருக்காது. 12 சதவீதம் என்பது லாபத்தில் போகிறதா, முதலில் போகிறதா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடனைப் பொறுத்தது. அதற்கு மேல் தவறான மருந்துக்கு ரெண்டு தடவை செலவழித்திருந்தால், புழு எடுத்ததைவிடக் கடை பில் எடுத்தது அதிகமாக இருக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஊரிலிருந்து புழு போட்டோ வந்தால், "எப்பா, இன்னும் ரெண்டு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். என்னென்ன தேவை?

• புழுவின் முகம் நேராக, கிட்டத்தில்
• வால் பக்கம், மேலிருந்து. நாலு புள்ளி தெரிய வேண்டும்
• குருத்தும் அதன் கழிவும்
• பயிரின் வயது, எத்தனை செடிக்கு எத்தனை பாதிப்பு என்ற எண்ணிக்கை. வயலின் ஐந்து இடங்களில் எண்ணிப் பார்த்தால் போதும்

புழுவை வெள்ளைத் தாளில் வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுத்தால் புள்ளிகள் பளிச்சென்று விழும். இவற்றை வட்டார வேளாண்மை அலுவலரிடம் காட்டலாம். உழவன் செயலி இருக்கிறது. கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். நூறு வருஷம் தாண்டிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர்தான். மருந்துக் கடைக்குப் போவது இதற்கெல்லாம் அடுத்து.

வகைப்பாடு கைகொடுத்ததற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2008-ல் கோவையில் பப்பாளியை வெள்ளையாக மூடிய மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. எந்த மருந்துக்கும் மசியவில்லை. அது எந்த இனம், பூர்வீகம் எது என்று சரியாகக் கண்டுபிடித்த பிறகுதான், அதன் பூர்வீக எதிரியான குளவியைத் தேடிப் போக முடிந்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தக் குளவி வந்தது. வயல்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. விவசாயி மருந்துக்குச் செலவழித்துக்கொண்டிருந்த காசு மிஞ்சியது.

படைப்புழுவுக்கு அப்படி ஒரே அடியில் முடிக்கும் தீர்வு இதுவரை இல்லை. இது பறக்கும், இடம் மாறும், பல பயிரில் வாழும். அதனால் ஒவ்வொரு சீசனிலும் யாராவது வயலுக்குள் நடந்து, இலையைத் திருப்பி, நாலு புள்ளியை எண்ணித்தான் ஆக வேண்டும். அந்த வேலை இப்போது பெரும்பாலும் தனி விவசாயியின் தலையில்தான் விழுகிறது. ஊராட்சிக்கு ஒரு பொறி வரிசை, வாரம் ஒருமுறை விழுந்த பூச்சியின் எண்ணிக்கை, அது ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெசேஜ். அந்த எட்டு நாளைத் தவறவிடாமல் இருக்க இதற்கு மேல் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. செலவும் நிவாரணத்துக்குக் கொடுத்த 186 கோடி பக்கத்தில் நிற்கவே நிற்காது.